யாகோ காயைப் புதைத்த வீடு

ராத்திரி மணி இரண்டு இருக்கும். கப்பல் துறையிலிருந்து மேட்டுக்கு ஏறுகிறதே செம்மண் சாலை, அதில் அந்த நேரத்துக்கு நாய்கூட நடக்காது... மழை விட்டுக் கூரை சொட்டிக்கொண்டிருந்தது. சாலையில் ஒரு இருமல் ஏறி வந்தது.

நெருங்கி உட்காருங்கள். அந்தக் கட்டையைத் தீக்குள் தள்ளு, ஓதேரா. செத்த வீட்டில் விழித்திருக்க வந்துவிட்டு உனக்குத் தூக்கம் வேறு கேட்கிறதா? இது என் கூட்டாளி ராபுருவின் பெரியம்மா அகேயோவுக்கு நடந்தது. ராபுரு பொய் சொல்லும் ஆள் இல்லை. அதற்கெல்லாம் கொஞ்சம் மூளை வேண்டும்.

இங்கிலீஷ்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை. ஊரார் நிலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள், சண்டையையும் இங்கேயே வந்து போட்டார்கள். கீழே காட்டில் மோட்டார் போகாது. மாட்டை விட்டால் ஈ கடித்தே செத்துவிடும். அப்புறம் துப்பாக்கி ரவையை யார் சுமப்பது? நாம்தான். ஒவ்வொரு ஊர்த் தலைவரும் இத்தனை ஆள் பிடித்துத் தர வேண்டும் என்று உத்தரவு. குடிசை வரி கட்டாதவன் முதலில். அகேயோவின் புருஷன் ஒபூரா கூரை வேய்ந்துகொண்டிருந்தான். கீழே இறக்கி, இடுப்பில் கயிறு கட்டிக் கொண்டுபோனார்கள்.

இரண்டு வருஷம் ஒரு சேதி இல்லை. பிறகு கூடப் போன ஒருவன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான்.

"ரூஃபிஜி ஆத்துப் பக்கம் வயித்தால போயி விழுந்துட்டான். அவன் மூட்டையையும் எடுத்து என் தலையில வெச்சாங்க. திரும்பிப் பாக்கக்கூட விடல," என்றான்.

உடம்பு வராதவனுக்கு என்ன செய்வோம்? மரத்தில் கை நீளத்துக்குத் தொங்குமே யாகோ காய், அதைப் பறித்து, துணி சுற்றி, அதுதான் ஆள் என்று குழியில் இறக்கி அழுது மூடுவோம். அப்படியே செய்தார்கள். அகேயோ தலையை மழித்துக்கொண்டாள். ஒபூராவின் தம்பி ஓகோலா, வழக்கப்படி அவளை ஏற்றுக்கொண்டான். நல்லவன்தான். பாதியில் நின்ற கூரையை அவன்தான் முடித்தான்.

எட்டு மாதம் கழித்துத்தான் அந்த இருமல்.

கள்ளிவேலிப் படல் முன்னால் வந்து நின்றது. நனைந்த சாக்கு நாற்றம்... அதோடு நோயாளியின் வயிற்று நாற்றமும். ஏதோ உலோகம், டிங்... டிங்... என்றது.

"சக்வாக்காரி... படலத் தெற."

அகேயோவின் பிறந்த ஊரைச் சொல்லி, அந்த இழுவையோடு அவளைக் கூப்பிடுவது ஒரே ஒரு ஆள்தான். அவள் எழுந்தாள். ஓகோலா கையைப் பிடித்து இழுத்தான்.

"போகாத. புதைச்ச ஆளு படலைத் தாண்டி வந்தா இந்த வீட்டுல ஒரு உசுரு மிஞ்சாது. புள்ளைங்க தூங்குது."

"அது அவரு குரலு. எனக்குத் தெரியாதா?"

"குரலை யாரு வேணா எடுத்துட்டு வரலாம். இரு, கேக்கறேன்." கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினான். "யாருய்யா அங்க? பேரச் சொல்லு."

இருமல் நின்றது. சேற்றில் இரண்டு குதிகாலும் ஒன்று சேரும் சத்தம்.

"பதினோராயிரத்து நானூத்தி ஆறு."

அகேயோவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேரைக் கேட்டால் எந்த மனிதன் நம்பர் சொல்வான்?

"பேரு. உன் பேரு என்ன?"

யோசிக்கிற மாதிரி... மூச்சு மட்டும்.

"பதினோராயிரத்து நானூத்தி ஆறு." இந்தத் தடவை அழுதது. "கொஞ்சம் கஞ்சி குடு. வேலிக்கு மேலயே குடு. நான் உள்ள வரல."

கொடுக்கவில்லை. ஓகோலா அவள் வாயைப் பொத்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தான். இருமல் மெலிந்து... மெலிந்து... எப்போது நின்றதென்று தெரியவில்லை.

வெளிச்சம் வந்ததும் படலைத் திறந்தார்கள். வேலியோரம் ஒபூரா சுருண்டு கிடந்தான். கழுத்தில் நம்பர் வெட்டிய உலோக வில்லை. பட்டாளத்தில் வரிசையில் நிற்க வைத்து, அடுத்தடுத்த நம்பராக மாட்டிவிடுவார்களாம். நம்பர் சொன்னால் சோறு, பேர் சொன்னால் சவுக்கு. மூன்று வருஷம் அப்படி இருந்தால் யாருக்குத்தான் பேர் ஞாபகம் இருக்கும்? ஓகோலா அவன் அக்குளில் கை வைத்துப் பார்த்தான்.

சூடாக இருந்தது.

பேய்க்கு ஏது உடம்புச் சூடு? பாவிகள், உயிரோடு வந்தவனை வாசலிலேயே சாக விட்டுவிட்டார்கள். ஆனால் நான் அவர்களைத் திட்ட மாட்டேன். நானாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். நீயும்தான், ஓதேரா.

பெரியவர்கள் கூடினார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு குழி வெட்டினால் அந்த வீடு இன்னொரு சாவு கேட்கும் என்றார்கள். மூடிய குழியைத் திறக்கவும் பயம். மூன்று நாள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தலைவரின் ஆட்கள் வந்து, நாற்றம் தாங்காமல், சாலையோரம் எங்கோ தள்ளி மண் போட்டார்கள். எந்த இடம் என்றுகூட அகேயோவுக்குச் சொல்லவில்லை.

அன்று இரவு மறுபடி இருமல். ஒன்று இல்லை... நிறைய. சேற்றில் வெறுங்கால்கள், சளக்... சளக்... வரிசையாக. அகேயோ ஓகோலாவைத் தள்ளிவிட்டு ஓடிப் படலை விரியத் திறந்தாள். இருட்டில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், தலையில் மூட்டையோடு. வரிசைக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை.

"ஒபூரா," என்றாள். யாரும் திரும்பவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். கால்கள் போய்க்கொண்டே இருந்தன. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அந்த நம்பரைச் சொன்னாள்.

ஒருவன் நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது.

ஓகோலா ஓடி வந்தபோது சாலையில் அகேயோ மட்டும் நின்றாள். காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. அதன் பிறகு முப்பது வருஷம் இருந்தாள். களை எடுத்தாள், சமைத்தாள், தண்ணீர் சுமந்தாள். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பெற்ற பிள்ளைகள் அம்மா என்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். அதுகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோயின.

போன அறுவடைச் சமயம் சாகக் கிடந்தாள். ராபுரு பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியம்மா, ஒரே ஒரு தடவை உங்க பேரச் சொல்லுங்க," என்று கெஞ்சியிருக்கிறான். படுத்தபடியே இரண்டு குதிகாலையும் ஒன்று சேர்த்தாளாம்.

"பதினோராயிரத்து நானூத்தி ஏழு."