கரகரக்காத ரேடியோ

பழைய காரில் சாட்டிலைட் ரேடியோ பொருத்துவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு ஸ்க்ரூடிரைவர், டேஷ்போர்டை நெம்ப ஒரு பிளாஸ்டிக் தகடு, கொஞ்சம் இன்சுலேஷன் டேப், காற்று அடிக்காத ஒரு மத்தியானம். கை நடுங்காத எழுபத்தொரு வயதுக்காரி தாராளமாகச் செய்யலாம். நான் செய்தேன்.

ரோண்டா, நீ போலீஸ் யூனிஃபார்மில் இருந்தாலும் எனக்கு சர்ச்சில் இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிற பெண்தான், அதனால் நீ என்றே பேசுகிறேன். என் முகத்தைப் பார்த்துத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பத்து நாளாகச் சிரிப்பு அடங்க மாட்டேன் என்கிறது. அடக்கத்தன்று கூட கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டே நின்றேன். தோள் குலுங்கியதைப் பார்த்துப் பாதிரியார் வந்து அணைத்துக்கொண்டார். நல்ல மனிதர். அவரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் எதுவும் கேட்கவில்லை. நீ கேட்கிறாய், சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் வெர்லினை உனக்குத் தெரியும். நாற்பது வருஷம் கோதுமை போட்டவர், மாடு வளர்த்தவர், யாரையும் அதட்டிப் பேசாதவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு பேரப்பிள்ளைகள் போனார்கள், பிறகு நான் பாதி போனேன். போகாமல் நின்றது ஒரே ஒரு கேள்விதான்.

"ஆர்லி, மாட்டுக்குத் தண்ணி வெச்சாச்சா?"

மாடுகளை விற்றுப் பதினொரு வருஷம் ஆகிறது. ஆச்சு வெர்ல், வெச்சாச்சு என்பேன். சரி என்பார். காபியில் ஒரு வாய் குடிப்பார். மறுபடியும் கேட்பார். ஒருநாள் வேடிக்கைக்காகக் கணக்கு வைத்தேன். தொண்ணூற்று நான்கு தடவை, அதுவும் சாப்பாட்டு வேளைக்கு முன்பே. ஒரு தடவை கூட நான் முகம் சுளித்ததில்லை. இதை நீ எழுதிக்கொள்ள வேண்டும்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாவியை ஒளிச்சு வெச்சிடுங்க மிசஸ் டோலெஃப்சன், இனிமே அவர் வண்டி ஓட்டக் கூடாது" என்றார். சரி என்றேன். வீட்டுக்கு வந்து சாவியை அது எப்போதும் தொங்குகிற ஆணியிலேயே மாட்டினேன். வெர்லினுக்கு வண்டி ஓட்டுவது என்றால் உயிர். ஒரு மனுஷனிடமிருந்து அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

தினமும் மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்புவார். நெடுஞ்சாலையில் நேராகக் கிழக்கே. நம் ஊர் எஃப்.எம்.மைப் போட்டுக்கொள்வார், கோதுமை விலையும் பழைய நாட்டுப்பாட்டும் வரும். அறுபத்திரண்டு மைல் போனால் அந்த ஸ்டேஷன் கரகரக்க ஆரம்பிக்கும். ஒரு தடவை நானும் கூடப் போனேன். கரகரத்ததும் அவர் வண்டியை ஓரம் கட்டி, "அவ்வளவுதான், உலகம் முடிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போவோம்" என்று திருப்பினார். வழி தெரிந்து திரும்புகிற மனுஷன் இல்லை அவர். நம்பர் பலகை, ஊர்ப் பெயர் ஒன்றும் அவருக்குப் பிடிபடாது. அந்தக் கரகரப்புதான் அவரைத் திருப்பியது. திரும்ப வரும்போது எங்கள் வாசல் நீலத் தபால்பெட்டியைப் பார்த்தால் வீடு என்று தெரிந்துகொள்வார். மூன்று பத்துக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்.

ஆக, எனக்குத் தினமும் இரண்டு மணி பத்து நிமிஷம். அந்த நேரத்தில் நான் என்ன செய்வேன் தெரியுமா? வேர்க்கடலை வெண்ணெயை ஸ்பூனால் ஜாடியிலிருந்தே சாப்பிடுவேன். ஹாலில் தரையில் மல்லாந்து படுத்துக் காலை ஆட்டுவேன். ஒருநாள் சோபா மேல் ஏறிக் குதித்தேன். யாரும் எதுவும் கேட்காத வீடு எவ்வளவு நன்றாக இருக்கும் என்பது உன் வயசில் தெரியாது. மூன்று மணி ஆனதும் வயிற்றில் ஒரு கல் வந்து உட்காரும். அதுதான் எனக்குப் பிடிக்காது.

நவம்பரில் அவருடைய பழைய பிக்கப் வண்டி நின்றுபோனது. பக்கத்துப் பண்ணை டோரீன் தன் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஓட்டாமல் வைத்திருந்த பழுப்பு நிறப் பெரிய காரை வாங்கினேன். ஹீட்டர் பிரமாதம். ரேடியோதான் சுமார். கார் ஸ்டீரியோ கடையில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவள் நான், சும்மா இருப்பேனா? ஜனவரியில் ஒரு சாட்டிலைட் ரேடியோ வாங்கினேன். காந்த ஆன்டெனாவைக் கூரையில் ஒட்டி, ஒயரைப் பின்கண்ணாடி ரப்பருக்கு உள்ளே செருகி, கதவோரமாகத் தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டி, பெட்டியைச் சாம்பல்தட்டுக்குக் கீழே திருகினேன். கரண்ட் ஃபியூஸ் பெட்டியிலிருந்து. ஒரு ஒயர் வெளியே தெரியாது. கம்பெனிக்குப் போன் செய்து பெட்டியின் நம்பரைப் படித்தேன். காரைத் திறந்த வெளியில், மறைப்பில்லாத வானத்துக்குக் கீழே நிறுத்தச் சொன்னார்கள். மொன்டானாவில் வானத்துக்கா பஞ்சம்?

கால் மணி நேரத்தில் பாட்டு வந்தது பார், அடேயப்பா. துடைத்துவிட்ட மாதிரிச் சத்தம். ஒரு சேனல் முழுக்க அக்கார்டியன். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் வெர்லினும் பனியில் பூட்ஸோடு ஆடினோம். என் இடுப்பை அவர் பிடித்த விதத்தில் ஒரு மறதியும் இல்லை. இது மட்டும் வேறு எந்த நோக்கத்தோடும் நடந்ததில்லை. எழுதிக்கொள்.

மறுநாள் வெள்ளோட்டத்துக்கு நானும் கூடப் போனேன். அறுபத்திரண்டு மைல் வந்தது. பாட்டு நிற்கவில்லை. எழுபது வந்தது. வெர்லின் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி, "இன்னைக்கு உலகம் முடியவே மாட்டேங்குதே ஆர்லி" என்றார். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம். தொண்ணூறு மைலில் நான்தான் திருப்பச் சொன்னேன். வழியில் ஒரு கடையில் செர்ரிப்பழ அப்பம் சாப்பிட்டோம், அவர் என்னுடையதிலும் பாதியை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் சாவியை என் ஏப்ரனில் வைத்துக்கொண்டேன். ரோடு வழுக்குது என்று சொன்னேன். டாக்டர் சொன்னதைக் கேட்டு நடந்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த நாட்களில் சில சில்லறை வேலைகளை முடித்தேன். பழைய ஆன்டெனா ஒயரைப் பிடுங்கினேன், இரண்டு ஆன்டெனா எதற்கு? ஸ்டேஷன் மாற்றும் குமிழைக் கழற்றினேன், குமிழ் இருந்தால் அவர் குழம்புவார். காரின் டிக்கியில், பனியில் மாட்டிக்கொண்டால் உதவும் என்று டோரீன் வைத்திருந்த கம்பளி, மெழுகுவத்தி, மண்வெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். கம்பளியில் நாய் வாடை அடித்தது, துவைக்கப் போட்டேன். அது இன்னும் கொடியில் கிடக்கிறது. அவருடைய போனைச் சார்ஜ் போட எடுத்து வைத்தேன். அதுவும் சமையலறையில்தான் இருக்கிறது.

பிப்ரவரி இரண்டாவது செவ்வாய்க்கிழமை. வெயில் நன்றாக அடித்தது, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. காலையிலேயே போய் டேங்கை நிரப்பி வந்தேன். ஒரு மணிக்கு அவர் ஆணியைப் பார்த்தார். சாவி தொங்கியது. சாண்ட்விச் கட்டிக் கொடுத்தேன். வழக்கமாக ஒன்று, அன்றைக்கு மூன்று. தொப்பியைச் சரி செய்து கன்னத்தில் முத்தம் கொடுத்தேன்.

"மாட்டுக்குத் தண்ணி?" என்றார்.

"வெச்சாச்சு வெர்ல். நீ போயிட்டு வா."

மூன்று பத்து வந்தது, வண்டி வரவில்லை. மூன்றேகால். மூன்றரை. வயிற்றில் கல் வரவில்லை, ரோண்டா. அதற்குப் பதிலாக ஏதோ பறந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பனி லீவு விட்டால் வருமே, அது மாதிரி. சமையலறையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினேன். மஞ்சள் திரைச்சீலைத் துணியை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். அவருக்கு மஞ்சள் ஆகாது.

நீ அன்றைக்கே கேட்டாய், போலீஸ் ஸ்டேஷனுக்கு எப்போது போன் செய்தீர்கள் என்று. மறுநாள் காலை எட்டு மணிக்கு. "ஏம்மா அவ்வளவு நேரம்?" என்றாய். நன்றாகத் தூங்கிவிட்டேன், கண்ணு. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக.

காரைப் பனி வாரும் வண்டிக்காரர் பார்த்தாராம். கனடா எல்லைக்குப் பக்கத்தில், பண்ணைப் பாதை ஒன்றில், டேங்க் காலியாகி நின்றிருக்கிறது. வெர்லின் காரிலிருந்து இறங்கி முந்நூறு அடி நடந்திருக்கிறார். எந்தப் பக்கமாக என்று கேட்டேன். மேற்கே என்றாய். வீட்டுப் பக்கம். பார்த்தாயா, அவருக்குள் இன்னும் கொஞ்சம் திசை இருந்திருக்கிறது. ரேடியோ பாடிக்கொண்டே இருந்ததாம். என் வயரிங் அப்படி.

ரேடியோ பொருத்துவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் நீ நார்த் டகோட்டாவில் அந்தப் பெட்ரோல் பங்க் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய், டெசாவோ என்னவோ பெயர். அதனால் அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

நாலரை மணிக்குப் போன் அடித்தது. நான் குளியல் தொட்டியில் இருந்தேன். அந்தப் பெண் அவருடைய பர்ஸில் எங்கள் வீட்டு நம்பரைப் பார்த்திருக்கிறாள்.

"மேடம், இங்க ஒரு பெரியவர் இருக்கார். இந்த ரேடியோ எப்போ கரகரக்கும்னு எல்லார்கிட்டயும் கேட்டுட்டே இருக்கார். கரகரத்தாத்தான் வீட்டுக்குத் திரும்பணுமாம். போலீஸைக் கூப்பிடட்டுமா, இல்ல நீங்க வர்ற வரைக்கும் இங்கயே உக்கார வைக்கட்டுமா? சூப் இருக்கு."

இனிமையான குரல். பனியில் இருநூறு மைல் தாண்டி ஒரு அன்னியப் பெண் என் வீட்டுக்காரருக்கு சூப் தருகிறேன் என்கிறாள். நெகிழ்ந்துபோனேன். "வேண்டாம்மா, அவர் எப்பவும் அப்படித்தான் வேடிக்கை பண்ணுவார். இன்னும் வடக்கே அவங்க அக்கா வீட்டுக்குப் போறார், அவங்க காத்துட்டிருப்பாங்க. டேங்கை மட்டும் நிரப்பி விடு" என்று சொல்லி, என் கார்டு நம்பரைப் படித்தேன். காபியும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன், பெரிய கப். அவருக்கு அக்கா கிடையாது, அது உனக்கே தெரியும்.

அவள் போனை அவரிடம் கொடுத்தாள்.

"ஆர்லி, நான் திரும்பிடட்டுமா?"

மாட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட புதுக் கேள்வி அது ஒன்றுதான்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் வெர்ல். நேராப் போ" என்றேன்.

"சரிம்மா" என்றார்.

போனை வைத்துவிட்டு மறுபடியும் தொட்டிக்குள் இறங்கினேன். தண்ணீர் ஆறவே இல்லை.