முன்ன பின்ன அஞ்சு கோடி

அக்கா: ...தாழ்ப்பாளைப் போடாதடா. மாடி ரூம்ல ஏற்கெனவே மூச்சு முட்டுது.

தம்பி: கீழ கேக்கும். மெதுவாப் பேசு.

அக்கா: கேக்கட்டுமே. உன் புஸ்தகத்தை நம்பி முந்நூறு பேர் உக்காந்திருக்காங்க, ஒரு இருமல் சத்தம்கூட இல்ல... அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

தம்பி: மணி என்ன?

அக்கா: மூணே கால். உன்னோட எட்டாம் நாளுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்.

தம்பி: என்னோடது இல்ல...

அக்கா: பின்ன என்னோடதா? புஸ்தக அட்டையில யார் பேர் இருக்கு?

தம்பி: உள்ள உன் பேரும் இருக்கு. முதல் பக்கத்துலயே நன்றி போட்டிருக்கேன்.

அக்கா: அந்தப் பக்கத்தை நான் திறக்கறதே இல்ல.

தம்பி: கணக்கு பொருந்தினப்போ மட்டும் வாயைப் பொளந்தே? வேதத்துல உலகம் உண்டானதைச் சொல்ற சிருஷ்டி வசனத்துல முதல் வரி, எழுத்துக்கு ஒரு எண். எல்லாத்தையும் கூட்டினா நானூத்தி முப்பத்தெட்டு. கல்லுக்கு வயசு பார்க்கிற உன் லேப்ல இருந்த கல்லுக்கு வயசு நானூத்தி முப்பத்தெட்டு கோடி...

அக்கா: சரி, பொளந்தேன். ஆனா கல்லுக்கு வயசு எழுதும்போது பக்கத்துல 'முன்ன பின்ன அஞ்சு கோடி'ன்னு ஒண்ணு போடுவோமே, அதை எங்கடா விட்டே?

தம்பி: அசிங்கமா இருந்துச்சு. எடுத்துட்டேன். வேதத்துல எங்கயாவது 'முன்ன பின்ன'ன்னு வருமா?

அக்கா: அஞ்சு கோடி வருஷம் கூடலாம், குறையலாம்னு கல்லு சொல்லுது. நீ என்னடான்னா ஏழு நாள் முடிஞ்சு எட்டாம் நாள் பொறக்கறது இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணின்னு அச்சடிச்சிருக்கே! பஸ்ஸுக்குக்கூட யாரும் இவ்வளவு கறாரா நேரம் சொல்றதில்ல.

தம்பி: சிரிக்காதக்கா.

அக்கா: சிரிக்கலடா. பயத்துல வாய் அப்படிப் போகுது.

தம்பி: நீதானே சொன்னே... ஆரம்பத்துல பூமியே நெருப்புக் குழம்பா கிடந்துச்சு, அப்புறம் ஆறிச்சு, மழை விடாம பெஞ்சு கடலாச்சு, பிறகுதான் நிலம்னு. வசனத்துலயும் அதே வரிசை...

அக்கா: சாப்பிடும்போது பேச்சுவாக்குல சொன்னதுடா அது! நீ தட்டைத் தள்ளி வெச்சுட்டு பேனாவை எடுத்துட்டே. ஒரு நாளுக்கு இத்தனை கோடி, ஏழு நாளுக்கு இத்தனை கோடின்னு...

தம்பி: கை தட்டினாங்கக்கா. பேசப் போன இடமெல்லாம் கை தட்டினாங்க.

அக்கா: இப்போ தட்டலையே. கண்ணை மூடிட்டு உக்காந்திருக்காங்க... மூணாவது வரிசையில ஒருத்தி இருக்கா. மடியில ஆறு வயசுப் பொண்ணு.

தம்பி: பச்சைப் பை வெச்சிருக்கிறவளா?

அக்கா: உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: ...ஜன்னல்ல பார்த்தேன்.

அக்கா: தண்ணி குடுக்கப் போனேன். அந்தக் குழந்தைக்கு வலிப்பு. மாத்திரையை நிறுத்தி நாலு நாள் ஆச்சாம். எட்டாம் நாள் எல்லாருக்கும் புது உடம்பு வருமாம். பழைய மருந்து உடம்புல தங்கக் கூடாதாம்.

தம்பி: அப்படி நான் எழுதவே இல்ல...

அக்கா: புது உடம்புன்னு எழுதினது யாரு? மிச்சத்தை அவளே எழுதிக்கிட்டா. காலைல குழந்தைக்கு ஒருதரம் கண்ணு சொருகிச்சாம். 'பழைய உடம்பு கழண்டுக்குது'ன்னு என்கிட்ட சந்தோஷமாச் சொல்றாடா!

தம்பி: போதும்க்கா...

அக்கா: என்ன போதும்? இறங்கிப் போ. மைக்கைப் பிடிச்சு, கணக்கு தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு.

தம்பி: முடியாது.

அக்கா: மானம் போயிடும்னா?

தம்பி: அது போயி நாளாச்சு.

அக்கா: அடிப்பாங்கன்னு பயமா?

தம்பி: அடிச்சா நிம்மதியா இருக்கும்க்கா.

அக்கா: என்னடா பேசறே... சரி, உக்காரு. ஒண்ணு சொல்றேன். எட்டு மாசமா உன்கிட்ட மறைச்சு வெச்சிருக்கேன். அந்தக் கல்லு...

தம்பி: இப்போ எதுக்கு...

அக்கா: குறுக்க பேசாத. அப்புறம் எனக்கு வாய் வராது. அப்படி ஒரு கல்லே கிடையாது.

தம்பி: என்னக்கா சொல்றே?

அக்கா: வேலை போன பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான் நீ. குளிக்கல, சாப்பிடல. உன்னைத் தனியா விட்டுட்டு லேபுக்குப் போகவே பயமா இருக்கும். ஒருநாள் உன் தலைமாட்டுல காகிதம் கிடந்துச்சு. வசனத்தைக் கூட்டி நானூத்தி முப்பத்தெட்டுன்னு எழுதி வட்டம் போட்டிருந்தே. அதைப் பார்த்துட்டுதான் கல்லு வயசும் அதேன்னு வந்து சொன்னேன். முன்ன பின்ன அஞ்சு கோடின்னு, நிஜம் மாதிரி இருக்கட்டும்னு, சேர்த்துக்கிட்டேன். அன்னிக்குத்தான் எழுந்து உக்காந்து ரெண்டு வாய் சாப்பிட்டே... தம்பி உயிரோட இருந்தாப் போதும்னு நினைச்சேன்டா. இப்படி ஊரே வந்து உக்காரும்னு நினைக்கல. திட்டுடா. ஏதாவது சொல்லு.

தம்பி: மணி என்னக்கா?

அக்கா: மூணு முப்பத்தஞ்சு. வா, எழுந்திரு. மைக்கெல்லாம் வேண்டாம். மொதல்ல அவகிட்டப் போவோம். நான் சொன்ன பொய்யை நானே சொல்றேன், நீ பக்கத்துல நின்னாப் போதும். நீயும் ஆமான்னு தலையாட்டினா அவ கேப்பா. குழந்தைக்கு மாத்திரையைக் கொடுத்துடுவா.

தம்பி: மதியமே சொல்லிட்டேன்க்கா. கணக்கு பொய், நான் பொய்யன், பிள்ளைக்கு மருந்தைக் கொடும்மான்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். 'கடைசி நேரத்துல என்னைச் சோதிக்கிறீங்க'ன்னு சிரிச்சா. மிச்சமிருந்த மாத்திரையையும் என் கையிலயே கொடுத்துட்டா. இதோ, பாக்கெட்லதான் இருக்கு... கொடுக்கும்போது எண்ணிப் பார்த்தாக்கா. 'பாருங்க, சரியா ஏழு'ன்னு சொன்னா.