ஒருவழி வேகம்

நான் நல்ல ஆசிரியன். விசாரணைக் குழுவுக்கு முன்னால் இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. என் பாடப்புத்தகத்தைப் படிக்காமல் இங்கே யாரும் இயற்பியல் பட்டம் வாங்கியதில்லை. உங்களில் சிலரும் அதைப் படித்தவர்கள்தான்.

இறந்தவன் என் ஆராய்ச்சி மாணவன் மட்டுமல்ல, என் தங்கை மகன். அவனை என்னிடம் சேர்த்தபோது தங்கை, "அண்ணா, அப்பா இல்லாத பிள்ளை. இனி உன் பொறுப்பு" என்றாள். நானும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் என் வகுப்பில் எழுந்து நின்றான். சிறப்புச் சார்பியலை நான் எப்போதும் இரண்டு அடிப்படைகளிலிருந்து தொடங்குவேன். சீராக நகரும் எல்லோருக்கும் இயற்கை விதிகள் ஒன்றே. ஒளியின் வேகமும் எல்லோருக்கும் ஒன்றே.

"மாமா, ரெண்டாவது தேவையே இல்ல. ஒளியைப் பத்திப் பேசாமலே கொண்டு வந்துடலாம்" என்றான்.

மாமா என்றதும் வகுப்பு சிரித்தது. அவன் கரும்பலகையில் எழுத எழுதச் சிரிப்பு நின்றது. கடைசியில் எல்லோருக்கும் பொதுவான ஓர் உச்ச வேகம் தானாக வந்து விழுந்தது. அது எவ்வளவு என்று மட்டும் அளந்துகொண்டால் போதும். இப்படியும் போகலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாகப் பார்த்ததில்லை. மாணவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு வயிறு எரிந்தது.

அன்று மாலையே ஆய்வுத் தலைப்பு கொடுத்தேன். "அளந்தா போதும்னு சொன்னேல்ல, அளந்து காட்டு. ஒளி இங்கேருந்து அங்கே போற வேகம். திரும்பி வர்றது கணக்குல வரக்கூடாது."

இயற்பியல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒளி போய்த் திரும்பும் நேரத்தை ஒரே கடிகாரத்தால் அளக்கலாம். போவதை மட்டும் அளக்க இரண்டு முனையிலும் கடிகாரம் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். அதைச் சரிபார்க்கப் போனால் அந்த வேகமே முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். கடிகாரத்தை எடுத்துக்கொண்டுபோய் மறுமுனையில் வைத்தாலும், நகர்ந்த கடிகாரத்தை நம்ப அந்த வேகத்தைப் பற்றிய அதே அனுமானம் தேவைப்படும். ஆக, அது யாராலும் முடியாத வேலை.

அவனும் படித்துவிட்டு வந்து கேட்டான். "மாமா, இது முடியாதுங்கிறாங்களே?"

"அவங்க யாரும் என் மருமகன் இல்லையே. வழி இருக்கு, நான் பாத்திருக்கேன். நானே சொல்லிட்டா அது உன் ஆய்வா இருக்காது."

நம்பினான். கடிகாரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அதிராமல் இருக்கச் சக்கரங்களில் ரப்பர் சுற்றி, ஆய்வகத் தாழ்வாரத்தில் ஆமை மாதிரி தள்ளிக்கொண்டு போவான். "குழந்தை தூங்கிடுச்சா?" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். முடிவு கிடைத்துவிட்டது என்று முகமெல்லாம் பல்லாக என்னிடம் ஓடி வருவான். அனுமானம் எங்கே நுழைந்திருக்கிறது என்று நான் விரல் வைத்துக் காட்டுவேன். அந்த முகம் சுருங்குவதைப் பார்ப்பதற்காகவே சில நாள் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்திருக்கிறேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

அவனோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், கல்யாணப் பத்திரிகையோடு வந்தார்கள். அவன் துரும்பாக இளைத்துப்போனான். "யார்கிட்டயும் பேசவே மாட்டேங்கிறான் அண்ணா" என்று தங்கை அழுதாள். "பெரிய வேலைம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று தேற்றி அனுப்பினேன்.

கடைசி நாள் காலையில் என் அறைக்கு வந்தான். "மாமா, என்னால முடியல. ஒத்துக்கிறேன். அந்த வழியைச் சொல்லிடுங்க."

"வழி எதுவும் இல்லப்பா. எனக்கு முதல் நாளே தெரியும்."

"அப்போ இத்தனை வருஷமும்?"

"என் பாடத்துல பாதி தேவையில்லன்னு சொன்ன ஆளாச்சே நீ. உனக்குத் தெரியாதா?" என்றேன்.

கதவு திறந்தே இருந்தது. அவன் படியில் இறங்கவில்லை, ஏறினான். எங்கள் துறைக்கு மேலே மொட்டைமாடி மட்டும்தான். ஏன் போகிறான் என்பது எனக்குத் தெரியும். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான், மாமா சொல்லை அவன் தட்டியதே இல்லை. நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

என் புத்தகத்தின் புதிய பதிப்பில், ஒளியைப் பற்றிப் பேசாமல் சார்பியலுக்கு வரும் அவனுடைய வழியைச் சேர்த்திருக்கிறேன். மாணவர்களுக்குச் சட்டென்று புரிகிறது. அவன் பெயரைத்தான் போடவில்லை. புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் தங்கைக்கு மனசு கஷ்டப்படும் அல்லவா.