மதினிக்குப் பத்தியம் பார்த்தவள்

முருங்கைக்கீரை நல்லதாக வேண்டுமென்றால் மாட்டுங்காவுக்குத்தான் போக வேண்டும், மேடம். திலக் நகரிலும் விற்கிறார்கள், ஆனால் முற்றிப்போயிருக்கும். நான் குர்லாவில் வண்டி மாறிப் போய் வாங்கி வருவேன். சண்முகவடிவு மதினிக்கு நான் எதையும் ஏனோதானோ என்று செய்ததில்லை. தமிழ் தெரிந்தவராக நீங்கள் வந்தது நல்லதாயிற்று. இதையெல்லாம் மராத்தியில் எனக்குச் சொல்ல வராது.

மதினி என் அண்ணன் நாகராஜின் மனைவி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போய், போன வருஷம் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் ஓடுவதுபோல மெல்லக் கேட்கும். டாக்டர் என்னிடம்தான் எல்லாம் விளக்கினார். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடும். கீரை சாப்பிடலாம், ஆனால் எப்போதும் ஒரே அளவு. திடீரென்று கூட்டினால் மாத்திரை சரியாக வேலை செய்யாது. மற்றபடி நடக்கலாம், சமைக்கலாம், எல்லாரையும்போல நன்றாக வாழலாம் என்றார். கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

அதற்கு முன் தாராவியில் சின்னண்ணன் வீட்டில் இருந்தேன். கட்டியவன் விட்டுப்போன பிறகு அங்கேதான். மாடியில் பை தைக்கும் மெஷின்கள். அவை ஓய்ந்த பிறகு நடுவில் பாயை விரித்துக்கொள்வேன். யாரும் என்னைத் திட்டியதில்லை, மேடம். கூப்பிட்டதும் இல்லை. மதினியைப் பார்த்துக்கொள்ள அண்ணன் வீட்டுக்கு, திலக் நகருக்கு வந்த பிறகுதான் நாள் முழுக்க ‘செல்வி, செல்வி’ என்று என் பெயர் காதில் விழுந்தது. மதினியைக் குளிப்பாட்டினேன், தலை வாரிவிட்டேன், சோறு ஊட்டினேன். சந்தோஷமாக இருந்தேன்.

மதினி சீக்கிரம் தேறிவிட்டாள். தானே தோசை ஊற்றினாள். பார்க்கில் நடந்துவிட்டு வந்து, பார், மூச்சிரைக்கவில்லை என்று சிரித்தாள். அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“செல்வி, நீ எனக்காவ எம்புட்டோ செஞ்சிட்ட. இனி நானே பாத்துக்கிடுவேன். தீவாளி முடியவும் ஒன்னைய தாராவில கொண்டு விடச் சொல்லுதேன், என்ன?”

“சரி மைனி” என்றேன்.

அந்த வாரம் கீரை அடை கொஞ்சம் கூடுதலாகச் சுட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, மதினிக்குப் பிடிக்கும். ரத்தப் பரிசோதனை சரியாக வரவில்லை. கொஞ்ச நாள் வெளியே அலைய வேண்டாம் என்றார்கள்.

“நீ இருந்தது நல்லதாப் போச்சு தாயி. இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போ” என்றார் அண்ணன்.

அதன்பிறகு வேண்டுமென்றேதான் செய்தேன். பருப்பில், சட்னியில், சப்பாத்தி மாவில். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மதினி மறுபடி நடக்கத் தொடங்கினாள். அப்புறம் கீரை போதவில்லை. மாத்திரையை எடுத்துக் கொடுப்பது நான்தான். அதே நிறத்தில் சத்து மாத்திரை ஒன்று கிடைத்தது. அதைக் கொடுத்துவந்தேன். அது உடம்புக்குக் கெடுதல் இல்லாத மாத்திரை, மேடம், கடையில் கேட்டுத்தான் வாங்கினேன். மதினி சாக வேண்டுமென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நடக்காமலிருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மதினி கத்தியை நழுவவிட்டாள். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். வாய் ஒரு பக்கம் கோணிப்போயிற்று. மடியில் சாய்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், மாத்திரை தவறாமல் கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை, வேறு மாத்திரைதான் கொடுத்தேன் என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அண்ணனும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். “அவ ஒனக்கு என்னட்டி கொற வச்சா?” என்று மட்டும் கேட்டார்.

“ஒரு கொறயும் வைக்கல அண்ணே” என்றேன். அது உண்மைதான்.

மதினிக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இனி ஆயுசுக்கும் கூடவே ஓர் ஆள் வேண்டுமாம். அண்ணன் சம்பளத்துக்கு யாரையோ பேசிக்கொண்டிருக்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு மனசு ஆறவில்லை. வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், மேடம், போட்டுவிடுகிறேன். போட்டதும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இப்போது மதினிக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.