இருபத்துமூன்று கிராம் சலைன்

எனக்குப் பசி தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அண்ணிக்குக் கர்ப்பப்பையில் பெரிய நார்க்கட்டி. புற்றுநோய் இல்லை, சாதுக் கட்டி. வயிற்றில் மூன்று சின்னத் துளை போட்டு, பையோடு சேர்த்தே எடுத்தோம். பெரிய டாக்டர் செய்தார், நான் உதவி. அவ்வளவு சதை அந்தத் துளை வழியாக முழுசாக வராது. சுழலும் கத்தியை உள்ளே விட்டு, சீவிச் சீவி இழுக்க வேண்டும். அப்போது துணுக்குகள் சிதறும். தேடிப் பொறுக்குவது என் வேலை. ஒன்று தங்கினாலும் போதும், குடலில் ஒட்டிக்கொண்டு தன் பாட்டுக்கு வளரும்.

அதனால் பெரிய டாக்டர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வெளியே வந்த துண்டுகளைத் தட்டில் போட்டு நிறுக்க வேண்டும். ஸ்கேனில் மதிப்பிட்ட எடைக்குக் குறைந்தால், மறுபடி உள்ளே கழுவித் தேட வேண்டும். முக்கால் மணி நேரம் போய்விடும். அன்று இருபத்துமூன்று கிராம் குறைந்தது. கேன்டீன் மூடப் பத்து நிமிடம் இருந்தது.

தட்டில் கொஞ்சம் சலைன், அதாவது உப்புநீர், ஊற்றினேன். எடை சரியாகிவிட்டது.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். “டாக்டர், துண்டெல்லாம் நீச்சலடிக்குது.”

காய்ந்துபோகாமல் இருக்கத்தான் என்று பொறுமையாக விளக்கினேன். பெரிய டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எடை எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். துளைகளை மூடினார்.

ஒரு வருடம் கழித்து அண்ணி வயிறு கனக்கிறது என்றார். வாயு என்று மாத்திரை கொடுத்தேன். நடுவில் நானே ஒருமுறை ஸ்கேன் செய்தேன். எலுமிச்சை அளவில் மூன்று தெரிந்தன. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று அண்ணனுக்குப் பிறந்தநாள். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் சந்தர்ப்பம் அமையவில்லை. இன்னொரு வருடம்தான் போனது.

கடைசியில் அண்ணி வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். திரும்பி வந்து ஸ்கேன் படத்தை என் மேசையில் வைத்தார்.

“ஏம்மா, பையையே எடுத்தாச்சுன்னீங்க. அப்ப கட்டி எங்க குடியிருக்கு?”

“குடல்ல அண்ணி. சும்மா வாடகைக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “உனக்கு எத்தனை நாளா தெரியும்?”

மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

அண்ணியின் புகாரை விசாரிக்க வந்த நீங்கள் ஆபரேஷன் பதிவேட்டைப் புரட்டியதில் எனக்கு வருத்தமில்லை. நான் எடை போட்ட நாற்பத்துமூன்று பேருக்கும் அது ஸ்கேன் மதிப்போடு கிராம் பிசகாமல் பொருந்துகிறது, மனித உடம்பு அப்படிக் கறாராக இருக்காது என்கிறீர்கள். நியாயமான கேள்வி. நாற்பத்துமூன்று பேருக்கும் ஊற்றினேன். சிலருக்கு நாலு சொட்டு, சிலருக்கு அரை டம்ளர். ஆளுக்குத் தகுந்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை அண்ணிக்கு மறுபடி ஆபரேஷன். இந்த முறை வயிற்றைத் திறக்கிறார்கள். கொஞ்சம் குடலும் போகலாமாம். ஆபரேஷன் நடக்கும் மாடிக்கே நான் வரக்கூடாது என்று அண்ணி எழுதிக் கொடுத்திருக்கிறார். எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிற்றில் கட்டி இருந்தால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். எடுத்துவிட்டால் பழையபடி பேசுவார்.