சொட்டும் மேடையில் ஒரு திருப்தி விருது

அவையை ஆளும் தலைவர் அவர்களே, அடுத்த மாதம் எனக்கு வேலை இருக்குமா என்பதை அறிந்த ஒரே மனிதரான தலைமையாசிரியர் அவர்களே, தச்சுப் பிரிவின் தளராத பெரியவர்களே, பிள்ளையின் பையில் ஸ்பேனரைக் கண்டு முதலில் பதறி, பின் பழகிப்போன தாய்மார்களே, குழாய்ப் பிரிவின் குலக்கொழுந்துகளே! உங்கள் அனைவருக்கும் என் உள்ளம் நனைந்த வணக்கம். சட்டையும் கொஞ்சம் நனைந்திருக்கிறது.

முன்வரிசை அம்மா, எழுந்து போகாதீர்கள்! அது மழையில்லை, பிள்ளைகளின் கைவண்ணம். மேடைக்கு மேலே ஓடும் அந்தத் தண்ணீர்க் குழாயை, முப்பத்து மூன்று பேரும் ஆளுக்கொரு ஜாயின்ட்டாகப் போட்டார்கள். கற்பித்தவன் யார்? நான்! மாணவர் திருப்தி விருது இன்று யாருக்கு? அதுவும் எனக்கே!

சென்ற ஆண்டு பிள்ளைகள் நிரப்பிய திருப்திப் படிவத்தில் நான் வாங்கியது நூற்றுக்குப் பதினொன்று. என் வாய் அப்படி. மரையில் சுற்றும் வெள்ளை டேப்பைத் திசை மாற்றிச் சுற்றினால், முறுக்கும்போதே பிரிந்து வந்துவிடும். அப்படிச் சுற்றியவனிடம், "இது குழாயா, காயத்துக்குப் போட்ட கட்டா?" என்பேன். தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"பசங்க மனசு நோகுது சார். மணிக்கு இருபது தடவை பாராட்டுங்க. இல்லன்னா வேற இடம் பாத்துக்குங்க."

வீட்டில் சொன்னேன். மனைவி கேட்டாள்: "கல்யாணம் ஆனதுலருந்து என்னையே ரெண்டு தடவைதான் பாராட்டியிருக்கீங்க. மணிக்கு இருபதா?"

பாராட்டினேன் ஐயா! பயந்து பாராட்டினேன், பல் வலிக்கப் பாராட்டினேன்! ஒழுகினால் "ஆகா, என்ன ஓட்டம்!" உடைந்தால் "அடடா, என்ன துணிவு!" ஒருவன் குழாய்க்குள் கையை விட்டுச் சிக்கிக்கொண்டான். "சபாஷ், சரியான அளவு!" என்றேன். கை தட்டாதீர்கள், மேலே குழாய் வளையும் இடத்தில் போட்ட அந்த எல்போ கழன்றுவிடும்.

இவ்வாண்டு முப்பத்திரண்டு படிவங்களில் முழுத் திருப்தி! ஒன்றே ஒன்றில், பெயரில்லாமல், இப்படி: "சார் இப்பல்லாம் பாக்காமயே பிரமாதம்ங்கறாரு. முன்னாடி ஜாயின்ட்ட விரலால தடவிப் பாத்துட்டுதான் திட்டுவாரு. எனக்குத் திருப்தி இல்ல."

அதைப் படித்து வெட்கப்பட்டேன். திட்டியது பெருமையா? இல்லை, அந்த வாய்க்கு மன்னிப்புக் கேட்கிறேன். பாராட்டு பாவமா? அதுவுமில்லை. பார்க்காமல் விட்டேனே, அதுதான் பாவம்! பிள்ளை கேட்பது புகழா? பூச்செண்டா? என் வேலையைக் கொஞ்சம் பாருங்கள் என்பது மட்டும்தானே!

என்ன தலைமையாசிரியர் ஐயா, பேச்சை முடிக்கவா? முடிக்கிறேன். இந்த விருதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேலையையும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் ஒரு கேள்வி. அந்தப் படிவத்தை எழுதியது யார்?

அதோ, எழுந்துவிட்டாள். வகுப்பே "மொறப்பு" என்றழைக்கும் பெண்! வாம்மா, மேடைக்கு வா. என்ன சொல்கிறாய்? மைக்கில் சொல்.

"சார், உங்க தலைக்கு நேரா சொட்டுறது நான் போட்ட ஜாயின்ட். பாத்துட்டுத் திட்டுங்க."

ஏணியைப் பிடியுங்கள், ஏறித் தடவிப் பார்க்கிறேன். அடிப்பாவி! டேப்பை எந்தப் பக்கம் சுத்தியிருக்க? ஆனா முறுக்கு மட்டும் நல்லா இறுகியிருக்கு, நிஜமாத்தான் சொல்றேன்.

பாருங்கள் சபையோரே, மூன்று வருடத்தில் முதல் தடவையாக மொறப்பு சிரிக்கிறாள்! நனைந்தும் நகராத உங்கள் பொறுமைக்கு நன்றி, வணக்கம். யாராவது போய் மோட்டாரை நிறுத்துங்கள். எங்களுக்கு இன்னும் முப்பத்திரண்டு ஜாயின்ட் பார்க்க வேண்டியிருக்கிறது.