ஜூன் ஒண்ணாம் தேதி பொறந்தவங்க

என்னது, ஜூன் ஒண்ணா? இரும்மா, நெசமாவே ஜூன் ஒண்ணா? ஆஸ்பத்திரியில, டாக்டர் கண்ணு முன்னாடி? காலையில ஆறு இருவதுக்கா! அடேயப்பா, நிமிஷத்தோட சொல்றியே. சிரிக்கிறேன்னு தப்பா நெனச்சுக்காதம்மா. எனக்கு எம்பத்தோரு வயசாவுது. ஜூன் ஒண்ணுல பொறந்தவங்கன்னு ஒரு ஐநூறு பேரைத் தெரியும் எனக்கு. நெசமாவே அன்னைக்குப் பொறந்த ஒரு உசிரை இப்பத்தான் மொதத் தடவையாப் பாக்குறேன். எங்கடி, கையக் குடு தங்கம். பேரு என்ன? கயல்விழியா! சர்டிபிகேட்டுல பேரு ஏத்தத்தான் நாகப்பட்டினம் போறியா? நல்லதா போச்சு, நானும் அங்கதான். உள்ள தள்ளி உக்காரு, இந்த டிரைவர் வளைவுல பிரேக் போட மாட்டான், நேர் ரோட்டுலதான் போடுவான்.

ஏன் சிரிச்சேன்னு சொல்லிடறேன், இல்லாட்டி கெழவனுக்குக் கழண்டு போச்சுன்னு நெனப்ப. கீழ்வேளூருக்கு உள்ளாற, ஆத்தோரமா, பொம்பளப் புள்ளைங்க காப்பகம் ஒண்ணு இருக்கு. தாய் தகப்பன் இல்லாத புள்ளைங்க நாப்பத்திரெண்டு. அதுக்கு நாலு டிரஸ்டி. தலைவரு துரைராசு, எம்பது மா நெலம், ரைஸ் மில்லு. அடுத்து வீரையன், ரெவின்யூவுல பெரிய எடத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. அப்புறம் மங்களாம்பிகை, அவங்க வீட்டுக்காரருதான் காப்பகத்துக்கு மனை குடுத்தாரு. நாலாவது நானு. எனக்கு வேலையெல்லாம் ஒண்ணும் கெடையாது. கூட்டத்துல மிச்சர் திங்கணும், மினிட்ஸ் புக்குல கையெழுத்துப் போடணும்.

இப்பக் கேளு. அந்த மூணு பேருக்கும் பொறந்தநாள் ஜூன் ஒண்ணு.

ஆமாங்கிறேன்! மூணு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஓராசிரியர் பள்ளி. ரெத்தினம் வாத்தியாருன்னு ஒரு ஆளு. பாடம் நடத்துறதும் அவருதான், மணி அடிக்கிறதும் அவருதான். புள்ளையச் சேக்க வர்றவன்கிட்ட எப்பப் பொறந்துச்சுன்னு கேட்டா, குறுவை அறுப்பு அப்பங்கிறான், வாய்க்கா ஒடைஞ்ச வருஷங்கிறான், எருமை கன்னு போட்ட மறுநாளுங்கிறான். அவரு என்னதாம்மா செய்வாரு? வலது கையத் தலைக்கு மேல சுத்தி எடது காதைத் தொடுடாம்பாரு. தொட்டுட்டா அஞ்சு வயசு. பள்ளிக்கூடம் தொறக்குறது ஜூன் ஒண்ணு. எழுது, ஜூன் ஒண்ணு. முடிஞ்சு போச்சு. முப்பத்தேழு வருஷம் அப்படித்தான் எழுதினாரு. சுத்துவட்டாரத்துல ஒரு தலைமுறையே ஒரே நாள்ல பொறந்துட்டுது.

அதனால எங்க காப்பகத்துல ஜூன் ஒண்ணு வந்தா பாக்கணுமே! மூணு டிரஸ்டியும் பொறந்தநாளுக்குச் சாப்பாடு போடுவாங்க. மூணு அண்டா கேசரி. காலையில துரைராசு கேசரி, மத்தியானம் வீரையன் கேசரி, சாயங்காலம் மங்களாம்பிகை கேசரி. மூணு தடவை கேக்கு, மூணு தடவை அந்தப் புள்ளைங்க கைத்தட்டிப் பாடணும். மறுநாள் பாதிப் புள்ளைக்கு வயித்தால போவும். மிச்ச வருஷம் பூரா எட்டிப் பாக்க நாதி இல்ல. அம்சவல்லின்னு சமையக்காரம்மா, வாய்த்துடுக்கு ஜாஸ்தி, ஒரு தடவை நேராவே கேட்டுடுச்சு. ஏங்கய்யா, உங்கள்ல யாராவது ஒருத்தர் ஐப்பசிக்குத் தள்ளிப் பொறக்கக் கூடாதா, மழைக்காலத்துல புள்ளைங்களுக்குச் சூடா ஏதாவது கெடைக்குமில்லன்னு. துரைராசுக்கு வந்துச்சே கோவம்!

இது என்ன, இன்னொரு கூத்தைக் கேளு. டிரஸ்ட் பத்திரத்துல, இருக்கறதுல வயசுல மூத்தவருதான் தலைவர்னு இருக்கு. நான் மூத்தவன்தான், ஆனா எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். துரைராசுக்கும் வீரையனுக்கும் ஒரே தேதி, ஒரே வருஷம். யாரு மூத்தவங்க? நான் விடியக்காலம் பொறந்தேன்னாரு துரைராசு. நான் அதுக்கு முன்னாடி நடுச்சாமத்துலயே பொறந்துட்டேன்னாரு வீரையன். பொறக்கவே பொறக்காத நாள்ல எத்தினி மணிக்குப் பொறந்தோம்னு ரெண்டு பெரிய மனுசங்க மேசையத் தட்டிச் சண்டை போடுறாங்கம்மா! கடைசியில சீட்டுக் குலுக்கித்தான் துரைராசு தலைவரானாரு. வீரையன் மூணு வருஷம் படியேறல. கேசரி மட்டும் தவறாம அனுப்பிச்சாரு.

ம்? ஆமாம்மா, சிரிப்பாத்தான் இருந்துச்சு. தமிழ்நிலா விஷயம் வர்ற வரைக்கும்.

அந்தப் புள்ளை காப்பகத்துக்கு வந்து பத்து வருஷம் ஆவுது. தாயி செத்துப் போச்சு, அப்பன் எங்கன்னு தெரியல. சின்னம்மாக்காரி கொண்டாந்து விட்டா. ரெத்தினம் வாத்தியாரு அப்ப ரிட்டயர் ஆயி வீட்டுல இருந்தாரு. ஆனாலும் புதுசா புள்ளை வந்தா ஃபாரம் எழுத அவரைத்தான் கூப்பிடுவாங்க. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், நான் சும்மா சொல்லல. சின்னம்மாக்காரி தெளிவாத்தான் சொன்னா. நிஷா புயல்ல வீட்டுக்குள்ள தண்ணி நின்னுச்சே, அந்த வருஷம், கார்த்திகை தீபத்தன்னைக்குப் பொறந்துச்சுங்க, திரியெல்லாம் நனைஞ்சு போயி நாங்க வெளக்கே ஏத்தலங்கன்னு. வாத்தியாரு தலையாட்டிக் கேட்டுக்கிட்டாரு. வீட்டுக்குப் போயி டைரியிலகூட எழுதி வச்சாரு. ஆனா ஃபாரத்துக்கு முன்னாடி உக்காந்ததும் அந்தப் பாழாப்போன பழக்கம் இருக்கே! கையச் சுத்திக் காதைத் தொடும்மான்னாரு. அதுக்கு நல்ல நீளக் கை. தலையச் சுத்தி, காதைத் தாண்டி, கன்னத்துக்கே வந்துடுச்சு. ஆறரை வயசுப் புள்ளையைப் பாத்து எட்டுன்னு முடிவு பண்ணிட்டாரு. எட்டு வயசு, ஜூன் ஒண்ணு. அழகா எழுதி மசிய ஊதிக் காய வச்சுக் குடுத்தாரு.

என்ன ஆவப்போவுதா? நல்லாக் கேட்ட. சர்டிபிகேட்டுபடி வர்ற ஜூன் ஒண்ணோட அதுக்குப் பதினெட்டு. பதினெட்டு ஆனா எங்க காப்பகத்துல எடம் இல்ல. நெசத்துல அதுக்குப் பதினாறரை. இந்த ஜூன்லதான் பிளஸ் டூவுக்கே போவணும். பிளஸ் ஒண்ணுல ஐநூத்தி எழுவத்தி மூணு வாங்கியிருக்கும்மா! அத வெளிய அனுப்பி, திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஹாஸ்டலோட வேலைக்குச் சொல்லி வச்சாச்சு. பொட்டி கட்டச் சொல்லிட்டாங்க. இன்னும் பதினாறு நாளு.

போன ஞாயித்துக்கெழமை கூட்டம். அந்தப் புள்ளையே வந்து நின்னுச்சு. அழுவல. நோட்டுல கணக்குப் போட்டுக் கொண்டாந்திருந்துச்சு. ஐயா, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு எப்பிடிங்கய்யா ஒன்றரை வயசு ஆச்சுன்னு கேட்டுச்சு. துரைராசு ஃபேனைப் பாக்குறாரு, வீரையன் கண்ணாடியைத் தொடைக்கிறாரு. அப்புறம் சட்டம்னா சட்டந்தாம்மான்னு சொல்லி மூணு பேரும் கைதூக்கிட்டாங்க.

நானா? நான் தூக்கல. வேணாம்னும் சொல்லல. மிச்சர் தின்னுக்கிட்டு இருந்தேன்.

அவங்க கெட்டவங்க இல்ல. பயம். அந்தப் புள்ளையோட ஜூன் ஒண்ணு பொய்யின்னு ஆயிட்டா, இவங்க ஜூன் ஒண்ணு என்ன ஆவும்? வீரையனுக்கு அவங்கப்பா கேட்டுக்கிட்டாருன்னு ரெண்டு வயசு கொறச்சுப் போட்டிருக்கு. ரெண்டு வருஷம் கூடுதலா ஆபீஸ் நாற்காலியில உக்காந்திருந்தாரு மனுசன். துரைராசு நெசத்துல வீரையனுக்கு எளையவரு, தலைவர் பதவி போயிடும். மங்களாம்பிகை கதைதான் பெரிய கதை. அவங்க கட்டின புருசனை விட எட்டு மாசம் மூத்தவங்க. நாப்பது வருஷமா அவருக்குத் தெரியாது! சிரிக்காதம்மா, புள்ளை முழிச்சுக்கும்.

கூட்டம் முடிஞ்ச மறுநாள்லேருந்து ஒவ்வொருத்தரா ரெத்தினம் வாத்தியாரு வீட்டுக்கு வர்றாங்க. துரைராசு ஒரு தாரு பூவன்பழம் தோள்ல வச்சு எறக்குறாரு. வாத்தியார் சாரு, நீங்க வாயத் தொறந்துடாதீங்கங்கிறாரு. அவரு தலை மறைஞ்சதும் வீரையன் கொல்லைப்பக்கமா வர்றாரு. மங்களாம்பிகை தூக்குல கேசரி கொண்டாராங்க, கண்ணு கலங்கியிருக்கு. எனக்கு எப்பிடித் தெரியுமா? தெரியும்மா, விடேன்.

அதுக்குள்ள அம்சவல்லி சும்மா இருக்கல. புள்ளையைக் கூட்டிக்கிட்டு நாகப்பட்டினத்துக்கே வந்து, குழந்தைகள் நலக் குழுவுல மனு குடுத்துடுச்சு. அங்க பொறுமையாக் கேட்டாங்களாம். எழுதின ஆளே நேர்ல வந்து, தப்பா எழுதினேன்னு கையெழுத்துப் போட்டு, ஆதாரத்தையும் காட்டட்டும், பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க.

வாத்தியாரு போவாராவா? அதத்தான் நானும் நாலு நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். சொல்றது சுலபம்மா. வீட்டுச் சுவத்துல நல்லாசிரியர் விருது தொங்குது. எதுக்க வர்றவன் செருப்பைக் கழட்டிட்டு வணக்கம் சொல்றான். எம்பது வயசுக்கு மேல போயி, நான் எழுதினது பொய்யின்னு எழுதிக் குடுக்கணும். அப்புறம் ஊர்ல ஒவ்வொருத்தனும் சர்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நிப்பான். அந்த மூணு பேரும் அவருகிட்ட அ, ஆ கத்துக்கிட்ட புள்ளைங்க, மூக்குச் சிந்தி விட்டிருக்காரு. இனிமே மூஞ்சியில முழிக்க மாட்டாங்க. ஒரு கேசரி வராது.

சிக்கல் ஊரைத் தாண்டிட்டோமா? சீக்கிரம் வந்துட்டான் பாவி.

நீ என்ன சொல்ற, சும்மா சொல்லு. இந்தக் கயல்விழிக்கு எவனோ ஒன்றரை வயசைத் திருடிட்டான்னு வச்சுக்க. ம்... ம்... சரிதான். நல்லாத் திட்டுற. இன்னும் ரெண்டு சேத்துத் திட்டும்மா, அந்த ஆளுக்கு வேணும். பழக்கம்னு சொன்னா ஆச்சா? எதுக்க நின்ன புள்ளையப் பாக்காம, அது கையத்தானே பாத்தாரு!

தோ, ஸ்டாண்டு வந்துட்டுது. நீ மொதல்ல எறங்காத, கூட்டம் போவட்டும். மேல அந்த மஞ்சப் பை இருக்கு பாரு, அத எடுத்துக் குடும்மா, எனக்குக் கை எட்டாது. பத்திரம், உள்ள டைரி இருக்கு. ஆமா, அந்த டைரிதான், தீபத்தன்னைக்குப் பொறந்துச்சுன்னு எழுதினது. எங்கிட்ட இல்லாம வேற யாருகிட்ட இருக்கும்? ரெத்தினம் வாத்தியாரு நாந்தாம்மா.

அட, எதுக்குக் காலைத் தொடுற, இப்பத்தானே திட்டின! விடு விடு. மூணு நாளா எழுதி எழுதிக் கிழிச்சேன். அச்சடிச்ச மாதிரி எழுதற கை, கோழி கிண்டுன மாதிரி ஆயிடுச்சு. கடைசியில ரெண்டு வரிதான் வந்துச்சு. இந்தப் புள்ளை தீபத்தன்னைக்குப் பொறந்துச்சுன்னு சொன்னாங்க, நான் கேட்டுக்கிட்டே தப்பா எழுதிட்டேன்னு. அது போதுமில்ல?

அங்க பாரு, டீக்கடை ஓரமா. தமிழ்நிலா, அம்சவல்லியோட மொத பஸ்ஸுலயே வந்து நிக்கிது. நான் வருவேனா மாட்டேனான்னு அதுக்குத் தெரியாது, யாருக்கும் சொல்லல நான். பாத்துட்டுது! கையாட்டுது பாரும்மா, அத்தினி தலைக்கும் மேல. நீயே சொல்லு, அவ்வளவு நீளக் கையப் பாத்தா எந்த வாத்தியாருதான் எட்டுன்னு எழுத மாட்டான்?